முந்நூற்றுப் பதினேழாம் கதவு

கதவுகளைத் திறந்துவைக்கும் விழாவுக்குக் கதவுக்காரர்கள் யாரையும் அழைக்கவில்லை. அரங்கு சிறியது, அதிகாரிகள் நிறையப் பேர் என்று காரணம் சொன்னார்கள். நகரத்தில் உள்ள பதினோராயிரத்துச் சொச்சம் வீடுகளின் கதவு எண்களும், ஒவ்வொரு கதவும் எந்தத் தெருவில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரமும் அன்றைக்குப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. திறந்த தரவு இயக்ககத்தின் இயக்குநர் மேடையில் ஏறி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பொத்தானுக்குப் பின்னால் கம்பி எதுவும் இல்லை. விவரங்களை முந்தின வாரமே ஓர் எழுத்தர் வலைத்தளத்தில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். இருந்தாலும் பொத்தான் அமுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள்.

"இன்று முதல் இந்தத் தரவு உங்களுடையது," என்றார் இயக்குநர். "யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்களைக் கேட்க வேண்டியதே இல்லை!"

இந்தப் பேச்சை நம்பிய ஒரே மனிதர் சிலிண்டர்காரர்.

அவர் மூச்சுத் திணறல் உள்ளவர்களின் வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை, ஒரே வட்டாரம். அந்த வட்டாரத்தில் 1,204 வீடுகள். எண்களைத் தெரு வரிசையில் போடாமல், வீடு கட்டி முடித்த வரிசையில் போட்டுத் தொலைத்திருந்தார்கள். 12-க்குப் பக்கத்தில் 640 இருக்கும், எதிரே 9 இருக்கும், 13 மூன்று தெரு தள்ளி இருக்கும். புதிதாக வருகிறவனுக்குத் தலை சுற்றும். சிலிண்டர்காரருக்கு மட்டும் எல்லாம் மனப்பாடம்.

மனப்பாடத்துக்கு ஒரு பிரச்சினை வந்தது. சிலிண்டரைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிப் படியேற்றிப் படியேற்றி அவருடைய வலது முட்டி தேய்ந்துபோயிருந்தது. மூன்று மாதத்தில் ஆபரேஷன், அப்புறம் நான்கு மாதம் படுக்கை என்று டாக்டர் தேதி குறித்துவிட்டார். அந்த நான்கு மாதமும் வண்டியை ஓட்டப்போவது மாற்று டிரைவர். ஒருநாள் ஒத்திகையாக அவரைத் தனியே அனுப்பிப் பார்த்தார்கள். அவர் கைபேசியில் இருந்த வரைபடம் பொதுமக்களே ஓய்வு நேரத்தில் கூடி வரைந்தது. தெருக்கள் எல்லாம் இருந்தன, கதவு எண்கள் இல்லை. 317-ம் எண் வீட்டைக் கண்டுபிடிக்க அவர் ஐம்பது நிமிஷம் சுற்றினார்.

317-ல் இருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தனியாக இருக்கிறார். ஒரு பெரிய சிலிண்டர் அவருக்கு இரண்டரை நாள் வரும். அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, சிலிண்டரில் காற்றின் அளவு காட்டும் முள்ளையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"தம்பி, உள்ள நாப்பது நிமிஷத்துக்குத்தான் காத்து இருந்துச்சு," என்று மறுநாள் சிலிண்டர்காரரிடம் சொன்னார். "அவர் அம்பது நிமிஷம் சுத்தினார். மீதிப் பத்து நிமிஷத்தை நான் எங்கேருந்து கொண்டுவர? குழாயைக் கொஞ்சம் திருகி வெச்சுக்கிட்டேன். குறைச்சு மூச்சு விட்டா நேரம் கூட வரும். சின்ன வகுத்தல் கணக்குதான்."

அவர் சிரித்தபடி சொன்னார். சிலிண்டர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டியை அறுப்பதற்குள் கதவு எண்கள் வரைபடத்தில் ஏறியாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் இயக்குநர் பொத்தானை அமுக்கினார்.

வரைபடக் குழுவில் விதிமுறைகளைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பல் டாக்டர். ஒருவருக்குப் பல் மரத்துப்போகக் காத்திருந்த இடைவெளியில் அந்த அம்மா சிலிண்டர்காரருக்கு விஷயத்தை விளக்கினார்.

"எங்க வரைபடம் பொதுச்சொத்துங்க. யார் யார்கிட்ட என்ன வாங்கினோமோ, எல்லாருக்கும் ஒரே பக்கத்துல நன்றி சொல்லிடுவோம். ஆனா தரவை எப்படிப் பயன்படுத்தணும்னு இயக்ககம் போட்டிருக்கற உரிமத்துல ஏழாவது பிரிவைப் பாருங்க. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்துலயும் அவங்க நன்றி வாசகம் முழுசா வரணுமாம்."

வாசகம் இதுதான்: 'இந்தக் கதவு திறந்த தரவு இயக்ககத்தின் பெருமுயற்சியால் பொதுமக்கள் நலன் கருதி எவ்வித உத்தரவாதமும் இன்றித் திறந்துவைக்கப்பட்டது.' பதின்மூன்று சொற்கள். கைபேசித் திரையில் ஒரு தெருவைத் திறந்தால் நன்றிதான் தெரியும், வீடு தெரியாது.

"ரெண்டு உரிமத்துக்கும் பொருத்தம் இல்லை," என்றார் பல் டாக்டர். "நன்றிப் பக்கத்துல சொன்னாப் போதும்னு ஒரே ஒரு வரி கடிதம் வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே ஏத்திடறோம்."

சிலிண்டர்காரரின் மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒன்பது பக்க உரிமத்தையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, சிவப்புப் பென்சிலோடு படித்தாள்.

"கேக்க வேண்டியதில்லைன்னு முதல் பக்கத்துல இருக்குங்க," என்றாள். "கேக்காம எடுத்தா என்ன ஆகும்னு மீதி எட்டுப் பக்கமும் இருக்கு. கிணத்தைத்தான் வித்தேன், தண்ணியை விக்கலைன்னானே ஒருத்தன், அவன் எழுதின மாதிரி இருக்கு."

இயக்ககம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட்டில் 'பராமரிப்பில்' என்று ஒரு பலகை தொங்கியது. பலகையைத் தினமும் துடைத்துப் பராமரித்து வந்தார்கள். சிலிண்டர்காரர் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் முட்டியையும் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே உட்கார்ந்திருந்த எழுத்தர், வந்த காரியத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நெஜமாவே தரவை எடுத்தீங்களா? மூணு பேர் எடுத்திருக்கறதா எண்ணிக்கை காட்டுது. ஒண்ணு நான், சரியா ஏறியிருக்கான்னு பார்த்தேன். ஒண்ணு இயக்குநர், எண்ணிக்கை ஏறுதான்னு பார்த்தார். மூணாவது யாருன்னு ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கோம்!"

மூன்றாவது ஆளைச் சட்ட ஆலோசகரின் அறைக்கு அழைத்துப்போனார்கள். சட்ட ஆலோசகர் மென்மையாகப் பேசுகிறவர். எதிராளி சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் பேசுவார்.

"அனுமதி ஏற்கெனவே குடுத்தாச்சே! குடுத்ததையே மறுபடி குடுத்தா, முதல்ல குடுத்தது அனுமதியே இல்லைன்னு ஆயிடுமே?"

"அப்ப எடுத்துக்கலாங்களா சார்?"

"தாராளமா."

"நன்றியை ஒரே பக்கத்துல சொன்னாப் போதுங்களா?"

"அது உரிம மீறல்."

"அது மீறல் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"அதுக்கு அவசியமே இல்லையே," என்றார் சட்ட ஆலோசகர், மனம் புண்பட்டவராக. "எங்களோடது திறந்த தரவு."

சிலிண்டர்காரர் மனுவை விட்டுவிட்டு இறங்கினார். மனுவை ஆராய உரிமப் பொருத்தக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட ஒரே நாளில் ஒரு முடிவு சொல்லிவிடுவார்கள். இந்தக் குழு முதல் கூட்டத்தில் தன் பெயரை முடிவு செய்தது. இரண்டாவது கூட்டத்தில், முதல் கூட்டத்தின் குறிப்பேட்டை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று விவாதித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அந்த உரிமம் இயக்ககத்தின் உரிமத்தோடு ஒத்துப்போகாததால் குறிப்பேட்டை உறுப்பினர்களுக்கே காட்ட முடியாமல் போயிற்று. மூன்றாவது கூட்டத்தில், என்ன முடிவெடுத்தோம் என்று யாருக்கும் தெரியாத நிலையில், கதவுக்கு ஒரு மனுவாகத் தனித்தனியே போடும்படி சிலிண்டர்காரருக்குக் கடிதம் அனுப்பினார்கள். பதினோராயிரத்துச் சொச்சம் மனு. ஒவ்வொன்றும் இரண்டு பிரதி.

ஒன்றரை மாதம் போய்விட்டது. சிலிண்டர்காரர் நேரே இயக்குநரைப் பார்த்தார். அவர் அறைச் சுவரில் கேடயங்கள் வரிசையாகத் தொங்கின. இயக்குநர் அவரை உட்காரச் சொல்லி, மனம்விட்டுப் பேசினார்.

"உலகத்துல திறந்த தரவு வரிசைன்னு ஒண்ணு இருக்கு. அதுல நாம நாலாவது இடம். எப்படி வந்தோம்? எத்தனை தரவைத் திறந்து வெச்சிருக்கோம்னு எண்ணுறாங்க. எத்தனை பேர் எடுத்தாங்கன்னு எண்ணுறது இல்லை. எடுத்தா என்ன ஆகும் சொல்லுங்க? ஒருத்தர் அது தப்புன்னுவார், ஒருத்தர் இது விட்டுப்போச்சுன்னுவார். இன்னைய வரைக்கும் நம்ம தரவுமேல ஒரு புகார்கூட வந்தது கிடையாது. ஏன்னா யாரும் எடுத்தது கிடையாது. அந்த நல்ல பேரை நீங்க கெடுக்கணுமா?"

"ஒரு டீச்சருக்கு மூச்சு சார்," என்றார் சிலிண்டர்காரர். "என் முட்டி இன்னும் ஆறு வாரம்தான்."

"உங்க முட்டிக்காக உரிமத்தைத் திருத்த முடியுமா?" என்று இயக்குநர் நியாயமாகக் கேட்டார்.

வெளியே வரும்போது சட்ட ஆலோசகர் இரக்கப்பட்டு ஓர் உபாயம் சொன்னார். "நீங்களே தெருத்தெருவாப் போய், கண்ணால பார்த்து எழுதிக்குங்க. அது உங்க சொந்தச் சொத்து. கண்ணால பார்க்கறதுக்கு இன்னும் உரிமம் கொண்டுவரலை."

அப்படியே செய்தார்கள். வேலை முடிந்து சாயங்காலங்களிலும், விடுமுறை நாட்களில் முழுநாளும், கணவனும் மனைவியுமாக 1,204 கதவுகளையும் நடந்தே பார்த்தார்கள். அவர் எண்ணைச் சொல்ல, அவள் கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, நோட்டிலும் எழுதிக்கொள்வாள். சில வீட்டார் தண்ணீர் கொடுத்தார்கள், சில வீட்டார் நாயை அவிழ்த்துவிட்டார்கள். 317-ல் டீச்சர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறக்க நான்கு நிமிஷம் ஆயிற்று. இவர்கள் காத்திருந்தார்கள். ஐந்தாவது வாரம் வேலை முடிந்தபோது அவருடைய முட்டி தேங்காய் போல வீங்கியிருந்தது.

பல் டாக்டர் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றினார். மாற்று டிரைவரை மறுபடி அனுப்பிப் பார்த்தார்கள். ஆறே நிமிஷத்தில் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். அன்றைக்குச் சிலிண்டர்காரர் நிம்மதியாகத் தூங்கினார். அப்படி நான்கு நாள் தூங்கியிருப்பார். ஐந்தாம் நாள் இயக்ககத்திலிருந்து அறிவிப்பு வந்தது. தரவுத் திருட்டு.

விசாரணைக்கு மனைவியும் கூட வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் சட்ட ஆலோசகரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆயிரத்து இருநூத்தி நாலு கதவுல ஆயிரத்து இருநூத்தி மூணு எங்களோட அப்படியே ஒத்துப்போகுது," என்றார் சட்ட ஆலோசகர். "எங்ககிட்டேருந்து எடுக்காம இவ்வளவு சரியா எப்படி வரும்?"

"இருக்கற வீட்டை இருக்கற இடத்துல எழுதினா சரியாத்தாங்க வரும்," என்றாள் மனைவி.

"அந்தச் சரியைத்தாம்மா சந்தேகப்படறோம்."

"ஒத்துப்போகாத அந்த ஒண்ணு எதுங்க?" என்று சிலிண்டர்காரர் கேட்டார்.

இயக்குநர் பெருமையாக நிமிர்ந்தார். "317. அது நாங்க வெச்ச பொறி. திருடறவனைக் கையும் களவுமாப் பிடிக்க அந்த வட்டாரத்துல ஒரு பொய்க்கதவு வெச்சோம். தண்ணித்தொட்டிச் சுவர்மேல. அங்க கதவும் கிடையாது, வீடும் கிடையாது. சாதாரணத் திருடன் அதையும் சேர்த்துத் திருடியிருப்பான். நீங்க அதை வேற இடத்துக்கு மாத்தி வெச்சிருக்கீங்க. கெட்டிக்காரத் திருடன்!"

"ஐயா, 317 நெஜமா இருக்குங்க. அங்க டீச்சர் இருக்காங்க."

"இருக்க முடியாது. எங்க பட்டியல்ல இல்லாத எண்ணாப் பார்த்துப் பொறுக்கித்தானே வெச்சோம்!"

பட்டியலில் ஏன் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கணக்கெடுக்க வந்த ஊழியர்கள் டீச்சர் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டியிருக்கிறார்கள். மூன்று தட்டுக்குத் திறக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவர்கள் விதி. டீச்சர் கதவுக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் தெருவையே முடித்திருந்தார்கள். பட்டியலில் 316-க்கும் 318-க்கும் நடுவே ஓர் ஓட்டை விழுந்தது. பொய்யை வைக்க இடம் தேடியவருக்கு அந்த ஓட்டை தோதாக இருந்தது.

விசாரணை முடிவில் இயக்ககம் பெருந்தன்மையாக ஒரு சமரசம் சொன்னது. சிலிண்டர்காரர் நூறு கதவுகளைத் தப்பான இடத்துக்கு மாற்றிப் போட்டால் போதும். அந்த அளவு தப்பு இருந்தால் அதை அவருடைய சொந்தப் படைப்பு என்று ஒத்துக்கொள்வார்களாம்.

"தப்பா எழுதினா வழி தெரியாம நிக்கறது நீங்க இல்ல சார்," என்று சொல்லிவிட்டுச் சிலிண்டர்காரர் எழுந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் அதிகாரியின் முன்னால் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

பல் டாக்டர் போனில் கூப்பிட்டார். "விவகாரம் தீர்ற வரைக்கும் எல்லாக் கதவையும் எடுத்தாகணுங்க. சந்தேகம் வந்தா எடுத்துடணும்னு எங்க விதி. என்னை மன்னிச்சுடுங்க." 1,204 கதவுகளும் ஒரே சொடுக்கில் போயின. சிலிண்டர் கம்பெனிக்காரர்கள் நமக்கேன் வம்பு என்று இயக்ககத்தின் தரவையே, நன்றி வாசகத்தோடு, டிரைவரின் கைபேசியில் ஏற்றிவிட்டார்கள். குறித்த தேதியில் சிலிண்டர்காரரை ஆபரேஷன் மேசையில் கிடத்தினார்கள்.

இரண்டாம் நாள் மாற்று டிரைவர் 317-க்குச் சிலிண்டர் எடுத்துப் போனார். தண்ணீர்த்தொட்டிச் சுவருக்கு முன்னால் நின்றதும் கைபேசி 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கம்பெனியைக் கூப்பிட்டார். அரசுத் தரவு தப்பாகுமா, சரியாகப் பாருங்கள் என்றார்கள். 'கதவு திறக்கவில்லை' என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

டீச்சர் குழாயைப் பாதியாகத் திருகிக்கொண்டு, சிலிண்டர்காரரின் மனைவிக்குப் போன் செய்தார். "அம்மா, இந்த வாட்டி வகுத்தாலும் பத்தாது போலிருக்கு," என்றார். அவள் பிழை திருத்திக்கொண்டிருந்த தாள்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். மூன்று தெரு தள்ளி வண்டியைப் பிடித்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வழி சொல்லிக் கொண்டுவந்து சேர்த்தாள். டீச்சரின் உதடு நீலமாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் 317 நிஜமாகவே இல்லாத எண்ணாகியிருக்கும்.

மறுநாள் காலை அவள் மூன்றாவது மாடி ஏறினாள். அங்கே அவள் பேசியதை அப்படியே எழுத முடியாது. சுருங்கச் சொன்னால், இயக்குநரின் நாற்காலி சக்கரம் வைத்தது, அது மெல்ல மெல்லச் சுவர்வரை பின்வாங்கியது. "உயிர் போகப் பார்த்துச்சு. உங்க பொய்யை எடுத்துட்டு அவங்க வீட்டை எழுதுங்க," என்று முடித்தாள்.

இயக்ககம் இதை மிகுந்த கவலையோடு எடுத்துக்கொண்டது. பொருத்தக் குழு அவசரமாகக் கூடி, வரலாற்றில் முதல் முறையாக ஒரே நாளில் முடிவெடுத்தது. தரவுக்கும் தெருவுக்கும் முரண்பாடு இருப்பதை ஒத்துக்கொண்டார்கள். ஆனால் தரவைத் திறந்தாயிற்று. திறந்ததைத் திருத்தினால் முன்பு தப்பாகத் திறந்தோம் என்று ஆகும், நாலாவது இடம் போய்விடும். ஆகவே தெருவைத் திருத்துவது என்று தீர்மானம் ஆயிற்று. செருப்புக்காகக் காலை வெட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் துளைக்கருவியோடு இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் டீச்சர் வீட்டு வாசலில் இருந்த 317 தகட்டைக் கழற்றி, தண்ணீர்த்தொட்டிச் சுவரில் நான்கு திருகாணி போட்டு இறுக்கினார்கள். தரவு நூற்றுக்கு நூறு சரியாயிற்று.

சிலிண்டர்காரர் மேல் இருந்த குற்றச்சாட்டும் விலகியது. அவர் எழுதியதில் இப்போது ஒரு கதவு தப்பு. தப்பு இருப்பதால் அது அவருடைய சொந்தப் படைப்பு என்று கடிதம் வந்தது. பல் டாக்டர் எல்லாக் கதவுகளையும் வரைபடத்தில் திரும்ப ஏற்றினார். தெருவில் எது இருக்கிறதோ அதைத்தான் காட்டவேண்டும் என்பது அவர்கள் குழுவின் முதல் விதி. போய்ப் பார்த்தார்கள். தகடு சுவரில் இருந்தது. 317-ஐச் சுவருக்கு மாற்றினார்கள். இரண்டு தரவுக்கும் ஒரு முரண்பாடும் இல்லை, பொருத்தம் பிரமாதம்.

எண் இல்லாத வீட்டுக்குச் சிலிண்டர் அனுப்பக் கம்பெனி விதியில் இடமில்லை.

ஒரு மாதம் கழித்துச் சிலிண்டர்காரர் ஊன்றுகோலோடு முதல் முறை வெளியே வந்தார். நேரே தண்ணீர்த்தொட்டிக்குத்தான் போனார். தகட்டுக்குக் கீழே, ஒரு மடக்கு நாற்காலியில், டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் சின்ன சிலிண்டர், மூக்கில் குழாய். இரண்டரை நாளுக்கு ஒருமுறை இங்கே வந்து உட்காருகிறார். விதிப்படி வண்டி இங்கேதான் வரும். வந்ததும் முன்சீட்டில் ஏறி, தன் வீட்டுக்கு அவரே வழி சொல்லிக் கூட்டிப்போவார்.

"வெயில்ல எதுக்கு டீச்சர் இது?" என்று கேட்டார்.

"என்ன தம்பி பண்றது? வகுப்புல விடை தப்பா வந்தா விடையை அழிச்சுட்டு மறுபடி போடுவோம். இவங்க விடையை வெச்சுக்கிட்டுக் கேள்வியை அழிச்சுட்டாங்க." இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நேத்து அந்த இயக்குநர் வந்து என்னை ஃபோட்டோ எடுத்துட்டுப் போனார். நல்லா சிரிக்கச் சொன்னார்."

அந்தப் படம் இயக்ககத்தின் ஆண்டறிக்கையில் முழுப்பக்கத்துக்கு வந்தது. அறிக்கை அச்சாகப்போனது சிலிண்டர்காரரின் மனைவி வேலை பார்க்கும் அச்சகத்தில்தான். 'திறந்த தரவால் வாழும் குடிமக்கள். வண்டி ஒரு நிமிஷம்கூடத் தாமதிப்பதில்லை' என்று மேலே தலைப்பு. படத்துக்குக் கீழே, ஏழாவது பிரிவின்படி, பதின்மூன்று சொல் நன்றி வாசகம் முழுசாக இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. படம் எடுத்தவர் பெயர் இருந்தது, இயக்குநர் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. டீச்சரின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அவள் சிவப்புப் பென்சிலை எடுத்து, படத்தின் ஓரத்தில் அந்தப் பெயரைத் தெளிவாக எழுதி அனுப்பினாள்.

திருத்தம் ஏற்கப்படவில்லை என்று தாள் திரும்பி வந்தது. ஒருவரின் பெயரை வெளியிட அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி வேண்டுமாம். அனுமதி கேட்டு இயக்ககம் 317-ம் எண்ணுக்கு முறைப்படி மூன்று கடிதம் அனுப்பியிருக்கிறது. சுவர் பதில் போடவில்லை.